கையெழுத்திடும் முன்: நிறுவனங்களின் திறமூல மென்பொருளுக்கு ஊதியமின்றி உழைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகள் அல்லது ஓரிரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் பிள்ளைகள். மூன்றாம் ஆண்டு வந்ததும் இவர்கள் அனைவருக்கும் ஒரே அறிவுரை கிடைக்கிறது: பெரிய திறமூலத் திட்டம் (நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் மென்பொருள்) ஒன்றுக்குப் பங்களியுங்கள், வேலை தேடும்போது அது கைகொடுக்கும். அவர்கள் தேர்ந்தெடுக்கும் திட்டமோ பெரும்பாலும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, திரையில் இருந்த ஒப்பந்தத்தைக் காட்டி, "அக்கா, நான் திருத்தினது பதினோரு வரி. அதுக்கு இவ்வளவு பெரிய பத்திரத்துல கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சொன்ன பதிலையும், அதன் பிறகு யோசித்துச் சேர்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கூலி வாங்காமல் உழைப்பதே தவறு என்று நான் கருதவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' கட்டாய உழைப்பைக் குறிக்கும்; ஏரியையும் வாய்க்காலையும் ஊரே கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து அதிலிருந்து வேறானது. குடிமராமத்தில் மண் சுமந்தவரின் வயலுக்கே அந்தத் தண்ணீர் பாய்ந்தது. ஆகவே ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கு நம் மாலை நேரத்தைக் கொடுக்கும் முன், செப்பனிட்ட வாய்க்காலின் மடையைத் திறக்கவும் அடைக்கவும் நாளை யாருக்கு அதிகாரம் இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கடமை.

சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் ஊருக்கு வரும் பாதையின் கடைசிப் பகுதி ஓர் எஸ்டேட்டின் நிலத்துக்குள் செல்கிறது. 2009 நவம்பரில் நீலகிரி எங்கும் மலை சரிந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை; அதற்கு முன்பும் பின்பும், மழையில் மண் விழுந்த ஒவ்வொரு முறையும் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு போய், ஊராட்சிச் சாலை எது, எஸ்டேட் பாதை எது என்று பார்க்காமல் வழியைத் திறந்துவிட்டார்கள். பின்னர் எஸ்டேட் கைமாறியபோது புதிய உரிமையாளர் அந்தப் பாதையில் கேட் போட்டுப் பூட்டினார். பள்ளிக்குப் போகும் குழந்தைகள் சுற்றுவழியில் நடந்தார்கள். ஊரார் அள்ளிய மண்ணுக்கு எந்தக் காகிதத்திலும் கணக்கு இல்லை.

மென்பொருளிலும் இதுவே நடந்திருக்கிறது. மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 2018 அக்டோபரில், மாற்றி வெளியிடுபவரும் தம் நிரலைத் திறந்தே வைக்க வேண்டும் என்று சொல்லும் ஏ.ஜி.பி.எல். உரிமத்தை விட்டுத் தானே எழுதிய வேறோர் உரிமத்துக்கு மாறியது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 2021-இல் அப்பாச்சி என்ற தளர்வான திறந்த உரிமத்தைக் கைவிட்டது. டெர்ராஃபார்ம் உள்ளிட்ட கருவிகளை உருவாக்கிய ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டிலும், ரெடிஸ் 2024 மார்ச்சிலும் அவ்வாறே செய்தன. பெரிய கிளவுட் நிறுவனங்கள் எங்கள் மென்பொருளை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்துவிட்டு எங்களுக்கு எதுவும் திருப்பித் தருவதில்லை என்பதே இவர்கள் பெரும்பாலும் சொன்ன காரணம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே மென்பொருளுக்கு ஊதியமின்றி உழைத்த வெளியாட்களும் எதையும் திருப்பிப் பெறவில்லை. உரிமத்தை மாற்றும்போது அவர்களின் ஒப்புதல் தேவைப்படவும் இல்லை.

ஆகவே ஒரு திட்டத்தின் களஞ்சியத்தை (நிரல் வைக்கப்பட்டிருக்கும் இணையப் பக்கத்தை) திறந்ததும், எத்தனை பேர் அதற்கு நட்சத்திரம் இட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதை ஒத்திவையுங்கள். பதிப்புரிமை வரி யார் பெயரில் இருக்கிறது, திட்டத்தின் பெயரும் சின்னமும் யாருடைய வணிகக்குறி, வரும் நிரலை ஏற்கவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றவர்கள் அனைவரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களா என்பவற்றைப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே நிறுவனத்தின் பெயர் விடையாக வந்தால் நீங்கள் நிற்பது எஸ்டேட் பாதை. அதில் நடக்கக் கூடாது என்பதில்லை. கேட் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். கூகுளில் பிறந்த, கிளவுட் கணினிகளில் மென்பொருளை இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ், லாப நோக்கற்ற அமைப்பான லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2015-இல் தொடங்கப்பட்ட கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று கூகுள் ஒன்றே நினைத்தால் அதைப் பூட்ட முடியாது. ஓப்பன் ஆபீஸ் ஆரக்கிளின் கைக்குப் போன பிறகு, 2010 செப்டம்பரில் அதன் தன்னார்வலர்கள் பிரிந்து வந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். அது இன்று ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது.

இதில் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. திறந்த உரிமத்தில் ஏற்கெனவே வெளியான பதிப்பைத் திரும்பப் பூட்ட முடியாது. எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச்சும், டெர்ராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபூவும், ரெடிஸிலிருந்து வால்கீயும், பழைய திறந்த பதிப்பின் படியை எடுத்து வேறு பெயரில் வளர்க்கும் கிளைகளாக அப்படித்தான் பிரிந்தன. எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்துத் திரும்பி வந்தன. நீங்கள் எழுதிய வரி அழிவதில்லை. ஆனால் கிளையைத் தொடங்கிப் பராமரிக்கப் பணமும் ஆளும் வேண்டும். மேற்சொன்ன மூன்று கிளைகளுக்கும் பின்னால் வேறு நிறுவனங்களின் ஊதியம் பெறும் பொறியாளர்கள் இருந்தார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். சிறிய திட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பது அரிது.

பத்திரத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

மாணவி காட்டியது பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம், சி.எல்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு வாக்கியம் ஏறத்தாழ ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும். நிரந்தரமான, உலகளாவிய, கட்டணமற்ற, உரிமைத்தொகையற்ற, திரும்பப் பெற முடியாத உரிமத்தை நீங்கள் நிறுவனத்துக்கு வழங்குகிறீர்கள் என்று அது சொல்லும். அந்தப் பட்டியலோடு வரும் இன்னொரு சொல்லில்தான் நாம் விரலை வைத்து நிறுத்த வேண்டும்: நிறுவனம் தான் பெற்றதை வேறொருவருக்கு 'உள் உரிமமாக' வழங்கலாம் என்பது. எந்த நிபந்தனையின் கீழ் வழங்க வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டுப்படுத்தாவிட்டால், உங்கள் பதினோரு வரியை மூடிய, விலைக்கு விற்கும் பதிப்பிலும் நிறுவனம் சேர்க்கலாம். உங்களுக்கோ நிறுவனத்தின் நிரலின் மீது பொது உரிமம் தருவதைத் தவிர வேறு எந்த உரிமையும் இல்லை. எல்லா சி.எல்.ஏ.வும் தீயவை என்று நான் சொல்லவில்லை. அப்பாச்சி அறக்கட்டளையும் இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறது. அங்கே பெறுபவர் லாப நோக்கற்ற பொது அமைப்பு என்பதால் எனக்குத் தயக்கம் குறைவு. ஒரே வாக்கியம், பெறுபவரைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

உரிமத்தையும் ஒப்பந்தத்தையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும். ஜி.பி.எல். அல்லது ஏ.ஜி.பி.எல். உரிமம் இருந்து சி.எல்.ஏ. இல்லாவிட்டால், நிரலைப் பூட்ட நினைக்கும் நிறுவனம் எழுதிய ஒவ்வொருவரின் ஒப்புதலையும் பெற வேண்டும், அல்லது அவர்கள் எழுதியதை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். ஊதியமின்றிக் கொடுப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாட்டை நான் அறியேன். அதே ஏ.ஜி.பி.எல்.லோடு சி.எல்.ஏ.வும் சேர்ந்தால் உலகில் மற்ற அனைவரும் திறந்தே வைத்திருக்க வேண்டும், அந்த ஒரு நிறுவனம் மட்டும் பூட்டலாம் என்று ஆகிவிடுகிறது. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போன்ற தளர்வான உரிமங்களில் பூட்டிய பதிப்பை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். இதில் ஒருதலைப்பட்சம் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கையெழுத்துப் பத்திரம் இல்லாமலே வேலை செய்யும் வழியும் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் 2004 முதல் பின்பற்றும் மூலச் சான்று முறையில், 'இது என்னுடையது, இதைத் தரும் உரிமை எனக்கு உண்டு' என்று ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் பெயரோடு ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு நிறுவனத் திட்டம் இந்த முறைக்கு மாறத் தயாரா என்று பணிவாகக் கேட்டு எழுதுவதில் தவறே இல்லை.

இந்தியச் சட்டத்தில் சிலவற்றை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். ஒப்பந்தங்களில் 'நிரந்தரமான', 'உலகளாவிய' என்று எழுதிவிடுவதால் இந்தப் பாதுகாப்பு நமக்குக் கிடைப்பதில்லை. நீங்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தால் 17-ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும்: வேலையின் பகுதியாக எழுதியவற்றுக்கு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முதலாளியே முதல் உரிமையாளர். பணி ஒப்பந்தங்கள் பலவற்றில் இதைவிட விரிவான வாசகம் இருக்கும். இரவில் உங்கள் சொந்தக் கணினியில் எழுதியதற்கும் அது பொருந்துமா என்று மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது என்பதால், பள்ளி மாணவரிடம் சி.எல்.ஏ. கையெழுத்து வாங்குவது இரு தரப்புக்கும் சரியில்லை.

எந்த வேலையைக் கொடுப்பது

நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் உங்களைத் தடுக்கும் பிழையை நீங்களே திருத்தி அனுப்புவதைப் பற்றி நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. அடுத்த பதிப்பு வரும்போது அதே திருத்தத்தை மீண்டும் செய்யும் வேலை மிச்சம். பயன் உடனடியாக உங்களுக்கே வருகிறது. நிரலில் ஏறத்தாழ முழுவதையும் நிறுவனமே சம்பளம் கொடுத்து எழுதியிருக்க, நாம் சில வரிகள் சேர்த்துவிட்டுச் சுரண்டல் என்று பேசுவதும் நியாயமாகாது. இன்று லினக்ஸ் கெர்னலின் பெரும்பகுதியை எழுதுபவர்களே ஏதாவது ஒரு நிறுவனத்தில் அதற்காக ஊதியம் பெறுபவர்கள்தான்.

பணம் கட்டும் வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, நிறுவனத்தின் விலைக்கு விற்கும் பதிப்புக்கு மட்டும் தேவைப்படும் வசதியை எழுதுவது, பிழை அறிக்கைகளை நாள்தோறும் தரம் பிரிப்பது ஆகியவை வேறு வகை. இவை ஓர் ஊழியரின் வேலை. அங்கே ஓர் ஊழியர் இருந்திருக்க வேண்டிய நாற்காலியில் நீங்கள் ஊதியமின்றி அமர்ந்தால், அதனால் வேலை இழப்பவர் உங்களைப் போன்ற இன்னொருவர். இதை மட்டும் யார் கேட்டாலும் மறுக்கும்படி என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பில்தான் எனக்கு மனம் இரண்டுபடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் சிறு கடைகளின் இருப்புக் கணக்குக்கான ஒரு மென்பொருளை இரண்டு மழைக்காலங்கள் அமர்ந்து தமிழாக்கினேன். குன்னூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா ஆங்கிலத் திரையைப் பார்த்துத் தடுமாறியதே அதற்குக் காரணம். 'எனேபிள்' என்பதற்கும் 'ரன்' என்பதற்கும் முன்பு ஒருவர் 'இயக்கு' என்றே போட்டிருந்தார். வரிக் கணக்கை இயலச்செய்யும் பொத்தானும் மாத அறிக்கையை ஓட்டும் பொத்தானும் ஒரே பெயரில் நின்றதால் சித்தப்பா அறிக்கை வேண்டும்போதெல்லாம் வரியை அணைத்துவிடுவார். முதலாவதை 'செயலில் வை' என்றும் இரண்டாவதை 'அறிக்கை எடு' என்றும் மாற்றிய நாளில் அந்தத் தொல்லை தீர்ந்தது. இத்தகைய தீர்மானங்கள் சில நூறு. பிறகு ஒரு பதிப்பில், இந்திய மொழிகள் அனைத்தும் கட்டணப் பதிப்புக்கு மாற்றப்பட்டன. நான் கையெழுத்திட்ட பத்திரம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை. சித்தப்பா பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டார்.

ஆகவே தமிழாக்கம் செய்பவர்களுக்கு மூன்று செய்திகள். மொழிபெயர்ப்புக் கோப்பின் படியை ஒவ்வொரு வாரமும் உங்கள் கணினியில் எடுத்து வையுங்கள். கலைச்சொற்களைத் தனி அட்டவணையாக, நீங்களே தேர்ந்த திறந்த உரிமத்தில் முதலில் வெளியிட்டுவிட்டு, அதன் பிறகு நிறுவனத்தின் திட்டத்தில் பயன்படுத்துங்கள். அப்போது அது எல்லோருக்கும் பொதுவாக நிற்கும். மாதப் பெயர், நாள் வடிவம், நாட்டுப் பெயர் போன்றவற்றை யூனிகோடு அமைப்பின் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியத்தில் திருத்தினால், அதைப் பயன்படுத்தும் பல மென்பொருள்களுக்கும் ஒரே உழைப்பில் போய்ச் சேரும்.

இலைக் கணக்குப் போல் நேரக் கணக்கு

சிறு தேயிலை விவசாயி எவரும் எடை பார்க்காமல் இலையைக் கொடுப்பதில்லை. நாள், கிலோ, கழிவு என்று நோட்டில் எழுதியிருக்கும். விலை பின்னால் தெரியவந்தாலும் எடை அன்றே தெரிந்திருக்க வேண்டும். பச்சைத் தேயிலையின் விலையை விவசாயியும் தொழிற்சாலையும் எப்படிப் பகிர வேண்டும் என்பதற்கு 2003-ஆம் ஆண்டுத் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையில் வழி இருக்கிறது. அதிலும் போதாமை உண்டு, போராட்டம் உண்டு என்பது வேறு. நிரலுக்கு அப்படி ஓர் ஆணையே இல்லாததால் நம் எடையை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். தேதி, எந்தத் திட்டம், எத்தனை மணி நேரம், என்ன கற்றேன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் எத்தனை மணி நேரம் வரை கொடுப்பது என்ற வரம்பை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, 'என்ன கற்றேன்' என்ற இடத்தில் புதிதாக எதுவும் இல்லையென்றால் நீங்கள் கற்பதற்காக உழைக்கவில்லை.

வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திறமூலப் பங்களிப்பு இருந்தால்தான் நேர்காணல் என்ற நிபந்தனை, மாலையில் விறகு சேர்த்துத் தம்பி தங்கைகளுக்குச் சமைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னலருகே பத்து மணிக்கு அமரும் பெண்ணை முதலிலேயே வெளியேற்றிவிடுகிறது. ஊதியமற்ற நேரம் எல்லோரிடமும் சம அளவில் இல்லை. பரிசுக்காக எண்ணிக்கை சேர்ப்பதும் வேண்டாம். 2020-இல், திறமூலத்துக்குப் பங்களித்தால் டி-சர்ட் பரிசளித்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் அந்தப் பரிசுக்காக வந்து குவிந்த வெற்றுத் திருத்தங்களால் துன்பப்பட்டவர்களும் ஊதியமற்ற பராமரிப்பாளர்கள்தாம்.

பணம் கேட்பது

நம் ஊரில் கைமாறு கேட்பது கூச்சமாகவே பார்க்கப்படுகிறது. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, உலகின் இணைய வணிகத்தில் பெரும்பகுதி சாய்ந்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருள் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்று தெரியவந்தது. கேட்காமல் இருந்தால் யாரும் தருவதில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட பின்கதவு (ரகசிய நுழைவழி), களைத்துப்போன ஒற்றைத் தன்னார்வலரை நெருக்கி, உதவ வந்தவர்போல் நம்பிக்கை பெற்று நுழைந்த ஒருவரால் வைக்கப்பட்டது. களைப்பு பாதுகாப்பையும் பாதிக்கிறது.

நிறுவனத்துக்கு எழுதும் மடல் சுருக்கமாக இருக்கட்டும். இதுவரை செய்தவை இவை, செலவான நேரம் இவ்வளவு, இனி இந்த அளவுக்கு மேல் செய்ய ஒப்பந்த ஊதியம் வேண்டும், இல்லையென்றால் இந்த நாளோடு நிறுத்திக்கொள்கிறேன் என்ற நான்கு செய்திகள் போதும். நேரக் கணக்கு நோட்டு இங்கேதான் உதவும். பணம் இயலாது என்றால் வெளியீட்டுக் குறிப்பில் பெயர், பரிந்துரைக் கடிதம், முடிவெடுக்கும் குழுவில் வெளியாட்களுக்கு இடம் ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது பணத்தைவிடப் பெரிது. வேறு வாசல்களும் இருக்கின்றன: திறமூலத்துக்குப் புதியவர்களுக்கான கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் உதவித்தொகையோடு நடக்கிறது, நிரல் எழுதுபவர்களுக்கு நேரடியாகப் பணம் அனுப்ப உதவும் கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் 2019-இல் வந்தது, பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024-இல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் அளவில் திறமூலத் திட்டங்களுக்கான நிதியை அறிவித்தது.

விலகும்போது

விலகுவதென்று முடிவு செய்தால் அறிவித்துவிட்டு விலகுங்கள். கையில் இருக்கும் வேலைகளின் பட்டியலை எழுதி வையுங்கள், அணுகல் உரிமைகளைத் திருப்பிக் கொடுங்கள், கடவுச்சாவிகளை நீக்குங்கள். 2022 ஜனவரியில் இரண்டு ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை (பிறர் தம் மென்பொருளில் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளை) அவற்றின் ஆசிரியரே வேண்டுமென்று கெடுத்து வெளியிட்டார்; பெரிய நிறுவனங்கள் தன் உழைப்பை இலவசமாக உண்கின்றன என்ற அவருடைய கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அதனால் அன்று தங்கள் மென்பொருள் உடைந்து நின்றவர்களில் அவரைப் போன்ற தனிமனிதர்களும் இருந்தார்கள். நம் கோபத்துக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது.

பதினோரு வரி எழுதிய மாணவி அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. பிழை எங்கே இருக்கிறது, எப்படி மீண்டும் வரவழைப்பது என்பதை மட்டும் அறிக்கையாக எழுதி அனுப்பினாள்; நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இரண்டு வாரத்தில் தானே திருத்தி, பிழையைக் கண்டுசொன்னவர் என்று அவள் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். அவள் தன் நோட்டில் அதற்கு மூன்று மணி நேரம் என்று எழுதி வைத்திருக்கிறாள்.